ஈரல் என்னும் குதிர்: வைட்டமின் ஏ மருந்து எப்படி வேலை செய்கிறது?

மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். புதன்கிழமை, நல்ல கூட்டம். ஊசி போட்ட வலியில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருக்கும்போதே நர்சம்மா ஒரு பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலை எடுத்தார். இரண்டு கோடு போட்ட சின்ன பிளாஸ்டிக் கரண்டியில் கீழ்க்கோடு வரைக்கும் மஞ்சளான, எண்ணெய் போன்ற ஒரு திரவத்தை ஊற்றினார். அழுகைக்காகத் திறந்திருந்த வாயிலேயே அதை விட்டுவிட்டார். தனியாக வாயைத் திறக்க வைக்கும் வேலை மிச்சம். "துப்பிடாம பாத்துக்கோங்க. அடுத்தது ஒண்ணரை வயசுலதான்" என்று அட்டையில் குறித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, மாசக்கணக்குல தள்ளித்தள்ளி ஒரு கரண்டி கொடுத்தா யானைப் பசிக்குச் சோளப்பொரி மாதிரி ஆகாதா? கடையில ஒரு பாட்டில் வாங்கி வச்சு தினமும் கொஞ்சம் கொடுத்துடலாமே?"

கேள்வியின் முதல் பாதி அருமையானது. இரண்டாம் பாதி ஆபத்தானது. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில், நம் ஈரலில் இருக்கிறது.

முதலில் கண்ணிலிருந்து தொடங்கலாம். விழித்திரையில் மங்கலான வெளிச்சத்தைப் பார்ப்பதற்கென்றே கோல் வடிவச் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ரொடாப்சின் என்ற நிறமி உண்டு. வைட்டமின் ஏயிலிருந்து வரும் ஒரு மூலக்கூறும் ஒரு புரதமும் சேர்ந்ததுதான் அது. வெளிச்சம் பட்டதும் நிறமி உடைகிறது, அந்த உடைவுதான் மூளைக்குச் செய்தியாகப் போகிறது. உடைந்ததை மறுபடி கட்ட வைட்டமின் ஏ வேண்டும். வெயிலிலிருந்து சினிமா தியேட்டருக்குள் நுழைந்தால் சிறிது நேரம் ஒன்றும் தெரியாமல் இருந்து பிறகு இருக்கைகள் மெல்லத் துலங்குகின்றனவே, அந்த இடைவெளியில் நடப்பது இந்தக் கட்டுமான வேலைதான். சரக்கு கையிருப்பில் இல்லாதவருக்கு இருக்கைகள் துலங்குவதே இல்லை. அதுதான் மாலைக்கண்.

சின்னக் குழந்தை "எனக்கு மாலையில் கண் தெரியவில்லை" என்று வந்து சொல்லாது. பகலெல்லாம் ஓடியாடிய பிள்ளை விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். தட்டில் இருக்கும் சோற்றைத் தடவும். வாசற்படியில் தடுக்கும். அதனால் கணக்கெடுக்கப் போகிறவர்கள் "பார்வை எப்படி?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "பொழுது சாய்ந்தால் தட்டுத் தடுமாறுகிறதா?" என்று தாயிடம் கேட்பதே பயன் தரும். மாலைக்கண் என்று ஊரிலே ஒரு பெயர் வழங்குகிறது என்றால், நோயை ஊருக்கு முன்பே தெரியும் என்று அர்த்தம்.

அடுத்த கட்டத்தில் கண் வறள்கிறது. நல்ல கண்ணில் வெண்விழி ஈரமாக மின்னும். பற்றாக்குறையில் அது மினுமினுப்பு இழந்து, காய்ந்த தோல் போலச் சுருக்கம் காட்டும். கருவிழிக்குப் பக்கத்தில், பெரும்பாலும் காதுப்பக்கமாக, சோப்பு நுரை காய்ந்து ஒட்டியது போல ஒரு வெளிறிய திட்டு தோன்றும். 1863 இல் பியர் பிட்டோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை விவரித்து எழுதியதால் இதற்கு பிட்டோ புள்ளி என்று பெயர். துடைத்தால் நுரை அகன்றுவிடும், சில நாளில் மறுபடி படியும். இதுவரைக்கும் வந்த கேடு எதுவும் பார்வையை நிரந்தரமாகப் பறிப்பதில்லை.

கருவிழி வறண்டு மங்கினால் கதை வேறு. அங்கே புண் உண்டாகும், பிறகு கருவிழியே இளகிக் கரையத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் ஒன்றிரண்டு நாளிலேயே கண் போய்விடலாம். தட்டம்மையோ கடும் வயிற்றுப்போக்கோ வந்த ஊட்டச்சத்து குறைந்த குழந்தைக்கு, முந்தைய படிகளை நாம் கவனிக்கும் முன்பே இது நடந்துவிடுவதும் உண்டு.

கண் வெளியே தெரிகிற இடம், அவ்வளவுதான். மூச்சுக்குழாய், குடல், சிறுநீர்ப்பாதை என உடம்பின் உள்பக்கத்தை மூடியிருக்கும் ஈரமான உறை முழுவதையும் பராமரிப்பது இதே வைட்டமின். அந்த உறை காய்ந்தால் கிருமிக்குக் கதவைத் திறந்துவைத்த மாதிரி. நோய் எதிர்ப்பு அணுக்களும் மந்தமாகின்றன. பற்றாக்குறை உள்ள குழந்தை குருடாவதற்கு முன்பே நிமோனியாவிலோ பேதியிலோ இறந்துபோகலாம். மரணச் சான்றிதழில் வைட்டமின் ஏ என்று யாரும் எழுத மாட்டார்கள்.

இனி ஈரலுக்கு வருவோம்.

பழைய வீடுகளில் மண்ணால் செய்த நெற்குதிர் இருக்கும். அறுவடையானதும் நெல்லைக் கொட்டி வைப்பார்கள், அடியில் உள்ள துளை வழியாக வேண்டும்போது வேண்டிய அளவு எடுப்பார்கள். வைட்டமின் ஏக்கு ஈரல் அப்படி ஒரு குதிர். உடம்பில் உள்ளதில் பெரும்பகுதி அங்கேதான் சேமிப்பாக இருக்கிறது. அங்கிருந்து தினசரித் தேவைக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்கு வருகிறது. வைட்டமின் சி போல மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது, ஏனென்றால் இது கொழுப்பில் கரைகிற சங்கதி.

இப்போது அம்மாவின் கேள்விக்குக் கணக்குப் போடலாம். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு ஒரு தவணையில் கொடுப்பது 2 மில்லி, அதாவது 2 லட்சம் யூனிட். ஒரு யூனிட் என்பது 0.3 மைக்ரோகிராம். ஆக 60,000 மைக்ரோகிராம். அந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 300 முதல் 400 மைக்ரோகிராம். வகுத்துப் பாருங்கள்: 150 முதல் 200 நாள் வரை வருகிறது. உள்ளே போனதெல்லாம் குதிரில் சேர்ந்துவிடாது என்பதால் நடைமுறையில் நான்கிலிருந்து ஆறு மாதம் தாங்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்ற கணக்கு இப்படி வந்ததுதான். சோளப்பொரி இல்லை அது, அரை வருஷத்து நெல்.

இந்தியாவில் இந்தத் திட்டம் 1970 இல் ஆரம்பித்தது. பார்வையிழப்பைத் தடுப்பதுதான் அன்றைய குறி. இப்போதைய அட்டவணைப்படி ஒன்பதாம் மாதத்தில் 1 லட்சம் யூனிட், அப்புறம் பதினாறிலிருந்து பதினெட்டு மாதத்துக்குள் 2 லட்சம், அதன்பின் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம். மொத்தம் ஒன்பது தவணை, 17 லட்சம் யூனிட். நம்மூரில் அங்கன்வாடியிலும் துணை சுகாதார நிலையத்திலும் 'வைட்டமின் ஏ திரவம்' என்று முகாம் போட்டுக் கொடுப்பது இதைத்தான். போலியோ சொட்டுமருந்தோடு சிலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அது தடுப்பு மருந்து, இது சத்து. அது சொட்டு, இது கரண்டி.

தடுப்பது வேறு, தீர்ப்பது வேறு

மேலே சொன்னது குறை வராமல் தடுக்கக் கொடுப்பது. குறை வந்துவிட்டால் அதே மருந்து, அதே அளவு, ஆனால் வேறு வேகம்.

மாலைக்கண், பிட்டோ புள்ளி, கருவிழி வறட்சி எதுவாயிருந்தாலும் கண்டுபிடித்த அன்றே ஒரு தவணை. மறுநாள் ஒன்று. குறைந்தது இரண்டு வாரம் கழித்து மூன்றாவது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் 50,000 யூனிட், ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை 1 லட்சம், அதற்கு மேல் 2 லட்சம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறை இது. ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதும் இதில் அடக்கம். கண்ணில் அறிகுறி தெரிந்தாலே குதிர் காலி என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் மூன்று முறை? முதல் இரண்டும் பட்டினி கிடக்கும் கண்ணுக்கு உடனே சரக்கு சேர்க்க, மூன்றாவது குதிரை நிரப்ப. அப்படித்தான் நான் புரிந்துவைத்திருக்கிறேன்.

பலன் கண்கூடாகத் தெரியும். மாலைக்கண் ஒன்றிரண்டு நாளில் விலகத் தொடங்கிவிடும். முந்தாநாள் வரை சாயங்காலமானால் மூலையில் முடங்கிய பிள்ளை வாசலில் விளையாடிக்கொண்டிருக்கும். மருத்துவத்தில் இவ்வளவு மலிவாக, இவ்வளவு சீக்கிரம் பலன் தருகிற மருந்துகள் அதிகம் இல்லை. பிட்டோ புள்ளி மறைய இரண்டு வாரம் வரை ஆகலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு அது மறையாமலே நின்றுவிடும், அது பழைய தழும்பு மாதிரி. கருவிழி வறட்சி அந்த நிலையிலேயே பிடிபட்டால் ஓரிரு வாரத்தில் பழையபடி தெளிந்துவிடும். கருவிழி கரையத் தொடங்கியிருந்தால் மருந்து மிச்சமிருக்கும் கண்ணையும் உயிரையும் காப்பாற்றும், போனதைத் திருப்பித் தராது. அங்கே ஆன்டிபயாடிக் களிம்பும் படுக்கையில் சேர்த்துப் பார்ப்பதும் வேண்டும். வீட்டில் வைத்துக்கொண்டு பொழுது கழிக்கிற நிலை இல்லை.

ஒரு சிக்கல் உண்டு. ஈரலிலிருந்து கண்ணுக்கு வைட்டமின் ஏயைச் சுமந்து போக ஒரு புரதம் வேண்டும், அந்தப் புரதத்தை உருவாக்க உடம்பில் புரதச்சத்தும் துத்தநாகமும் வேண்டும். குதிரில் நெல் இருந்தும் சுமந்துபோக ஆளில்லை என்றால் அடுப்படி பட்டினிதான். எலும்பும் தோலுமாக வரும் குழந்தைக்கு வெறும் திரவத்தை ஊற்றி அனுப்பாமல் சாப்பாட்டையும் சேர்த்துத் தேற்றுவது இதற்காகத்தான்.

தட்டம்மை வந்த குழந்தைக்கும் இதே மருந்தை அடுத்தடுத்த இரண்டு நாள் கொடுப்பார்கள். அந்தக் காய்ச்சல் இருப்பைச் சடசடவென்று தின்றுவிடும். ஆனால் இது தட்டம்மையைத் தடுக்காது, சேதத்தைத்தான் குறைக்கும். 2025 இல் அமெரிக்காவின் டெக்சாஸில் தட்டம்மை பரவியபோது, தடுப்பூசிக்குப் பதிலாக வைட்டமின் ஏ போதும் என்று பேச்சு கிளம்பியது. வீட்டிலேயே அளவு மீறிக் கொடுத்துவிட்டு, ஈரல் பாதிப்போடு சில குழந்தைகளை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள்.

மதுரைக்காரர்கள் செய்த ஆய்வு

கண்ணுக்கான மருந்து உயிரையும் காக்கிறது என்பது எண்பதுகளில்தான் தெளிவானது. அமெரிக்கக் கண் மருத்துவர் ஆல்ஃபிரட் சோமர் இந்தோனேசியாவில் வேலை செய்தபோது, லேசான மாலைக்கண் உள்ள குழந்தைகள்கூட மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறப்பதைக் கணக்கில் கண்டார். பின்னர் சுமத்ராவின் ஆச்சே பகுதியில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெரிய அளவில் கொடுத்துப் பார்த்ததில், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளிடையே இறப்பு 34 சதவீதம் குறைந்தது. 1986 இல் இது வெளியானபோது மருத்துவ உலகில் பலர் நம்பவில்லை. இரண்டு கரண்டி எண்ணெய்க்கு இவ்வளவு சக்தியா என்ற சந்தேகம், அம்மாவுக்கு வந்த அதே சந்தேகம்தான்.

அப்போது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர் ரஹ்மத்துல்லாவும் சகாக்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். பெரிய தவணை இல்லை. வாரா வாரம் தன்னார்வலர்கள் போய் 8,333 யூனிட் கொடுத்தார்கள், அதாவது குழந்தை நன்றாகச் சாப்பிட்டால் ஒரு வாரத்தில் உணவிலிருந்தே கிடைத்திருக்கக்கூடிய அளவு. மொத்தம் 15,419 குழந்தைகள். பாதிப் பேருக்கு வைட்டமின் ஏ சேர்ந்த திரவம், மீதிப் பேருக்குச் சேராதது. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. 1990 இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் முடிவு வந்தது: இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது.

இந்த ஆய்வை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு உள்ளூர்ப் பெருமை ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் முக்கியமானது வேறு. மாயம் பெரிய தவணையில் இல்லை, குதிர் காலியாகாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது என்று இது காட்டியது. மாதக்கணக்கில் இடைவெளி விட்டுக் கொடுப்பது, வாரா வாரம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் போக முடியாது என்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு.

எல்லா ஆய்வும் இப்படி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உத்தரப்பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2013 இல் வந்தபோது, இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வு சரியாக நடந்ததா என்று ஒரு பக்கமும், தட்டம்மைத் தடுப்பூசியும் சாப்பாடும் மேம்பட்டபின் எல்லாக் குழந்தைக்கும் பெரிய தவணை தேவையா என்று மறுபக்கமும் இன்னும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. என் கருத்தைக் கேட்டால், பற்றாக்குறை குறைந்த ஊரில் கேள்வி நியாயமானது. ஆனால் அதை அறிவியலாளர்கள் மேசையில் பேசித் தீர்க்கட்டும். அங்கன்வாடியில் வரிசையில் நிற்கும்போது நாமாக முடிவெடுத்துத் திரும்பிவர வேண்டாம்.

குதிர் நிரம்பி வழிந்தால்

சேமிக்கிற குணமே இதன் ஆபத்தும். வெளியே போக வழியில்லாத சரக்கு, அளவு மீறினால் ஈரலையே கெடுக்கிறது. தினமும் தேவைக்கு மேல் பல மாதம் கொடுத்தால் தலைவலி, எலும்பு வலி, முடி கொட்டுதல், தோல் வெடிப்பு என்று மெதுவாக வரும். ஒரே மூச்சில் அதிகமானால் வாந்தி, தலைவலி, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைத்தல். சரியான தவணையிலேயே சில குழந்தைகளுக்கு லேசாக வாந்தி வரும், ஒன்றிரண்டு நாளில் தானே சரியாகிவிடும்.

அந்தச் சின்னக் கரண்டியை இதனால்தான் நான் மரியாதையோடு பார்க்கிறேன். கீழ்க்கோடு 1 மில்லி, மேலே 2 மில்லி. பாட்டிலோடு வருவது அது, வேறு கரண்டியில் ஊற்றக் கூடாது. 2001 நவம்பரில் அசாமில் நடந்த முகாமில் வழக்கமான கரண்டிக்குப் பதிலாக 5 மில்லி பிடிக்கும் கோப்பை பயன்பட்டது. நிறையக் குழந்தைகள் நோயுற்றனர், இறப்புச் செய்திகளும் வந்தன. இறப்புக்கு மருந்துதான் காரணமா என்ற சர்ச்சை நீதிமன்றம் வரைக்கும் போனது. அளவுக்கு மிஞ்சினால் என்று ஆரம்பிக்கும் பழமொழியை நம் வீட்டில் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் 'வைட்டமின்' என்ற சொல் காதில் விழுந்ததும் அதை மறந்துவிடுகிறோம். மருந்து என்றால் பயப்படுகிறவர்கள் சத்து என்றால் இரண்டு கரண்டி சேர்த்து ஊற்றுகிறார்கள்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இன்னும் கவனம். பெரிய தவணை கருவில் ஊனத்தை உண்டாக்கலாம். கருத்தரிக்கும் வயதுப் பெண்ணுக்கு மாலைக்கண் இருந்தால்கூட 2 லட்சம் யூனிட் மாத்திரையைக் கொடுத்துவிட மாட்டார்கள். நாளுக்கு 10,000 யூனிட்டுக்கு மிகாமல், அல்லது வாரத்துக்கு 25,000க்கு மிகாமல் சில வாரங்கள் கொடுப்பார்கள். கருவிழியே போகும் நிலை வந்தால் மட்டும் மருத்துவர் வேறு முடிவெடுப்பார். முகப்பருவுக்கு எழுதித்தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையும் வைட்டமின் ஏயின் சொந்தக்காரன்தான். அதைச் சாப்பிடுகிறவர் கூடவே வைட்டமின் ஏ மாத்திரையும் விழுங்கினால் இரட்டைச் சுமை.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடி போட்டிருப்பதற்கும் வைட்டமின் ஏக்கும் சம்பந்தமில்லை. மாத்திரை சாப்பிட்டால் பவர் குறையாது. இரவில் பார்வை மங்கினால் கண்புரை இருக்கலாம், பரம்பரையாக வரும் விழித்திரைச் சிதைவு நோய் இருக்கலாம், கிட்டப்பார்வையே காரணமாக இருக்கலாம். இவற்றை மாத்திரை தீர்க்காது, நாள்தான் போகும். ஈரல் நோய், கணைய அழற்சி, குடல் அறுவை சிகிச்சை இவற்றால் கொழுப்பு சரியாக உறிஞ்சப்படாதவர்களுக்கு நிஜமான பற்றாக்குறை வரும். அவர்களுக்கான அளவை மருத்துவர் ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் சொல்வார்.

சாப்பாட்டைப் பற்றி அம்மாவோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆட்டு ஈரல், முட்டை மஞ்சள் கரு, பால், நெய் இவற்றில் வைட்டமின் ஏ நேராகவே இருக்கிறது. அந்தக் காலத்தில் மாலைக்கண்ணுக்கு ஈரல் சமைத்துக் கொடுத்தவர்கள், குதிரின் நெல்லை அடுத்த குதிரிலிருந்தே எடுத்துக் கொட்டியிருக்கிறார்கள். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, கேரட், மாம்பழம், பப்பாளி இவற்றில் இருப்பது பீட்டா கரோட்டின். அதிலிருந்து வைட்டமின் ஏயை உடம்பு தானே உருவாக்கிக்கொள்ளும், ஆனால் 12 மைக்ரோகிராமுக்கு ஒன்றுதான் தேறும். எண்ணெய் சேராமல் கீரையை வெறுமனே வேகவைத்தால் அதுவும் சரியாக ஏறாது. தாளிப்பு ருசிக்கு மட்டுமில்லை. இதில் ஒரு வசதி: உடம்பு தேவைக்கு மட்டுமே மாற்றிக்கொள்வதால் கீரையும் கேரட்டும் எவ்வளவு தின்றாலும் நஞ்சாவதில்லை. கேரட் சாறாகக் குடித்துத் தள்ளினால் உள்ளங்கை மஞ்சளாகும், மஞ்சள்காமாலை என்று வீடு பதறும், நிறுத்தினால் சரியாகிவிடும். பிறந்த குழந்தைக்கு முதல் தவணை எது என்று கேட்டால் சீம்பால். அதன் மஞ்சள் நிறமே கரோட்டின்தான், கூடவே வைட்டமின் ஏயும் நிறைய இருக்கிறது. அதைப் பீய்ச்சிக் கொட்டிவிடும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் போகவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்ததில் மகளின் இரண்டு வயதுத் தவணை தப்பிவிட்டது. "தப்பினதுக்கும் அடுத்ததுக்கும் சேர்த்து நாலு மில்லியா ஊத்திடுவாங்களா?" என்று அம்மா கேட்டார். இல்லை. இந்த வாரம் போனால் மேல்கோடு வரைக்கும் ஒரே கரண்டி, அப்புறம் அன்றிலிருந்து ஆறு மாதம் எண்ண வேண்டும்.